கடையில் வாங்கிய தூக்க மாத்திரையும் அப்பாவின் அந்த ராத்திரியும்

கேள்வி, 14 மே 2025

மாமனாரும் மாமியாரும் முதல் தடவையாக நியூ ஜெர்சி வந்திருக்கிறார்கள். ஐந்து நாளாகியும் மாமனார் ராத்திரி முழுக்க ஹாலில் நடந்துகொண்டிருக்கிறார். வயது 70. சுகர் கொஞ்சம் உண்டு. பிராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இங்கே கடையில் சீட்டே இல்லாமல் தூக்க மாத்திரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு தேவையில்லை என்றால் பயமில்லாத மருந்துதானே? ஒன்று கேட்கவில்லை என்றால் இரண்டு கொடுக்கலாமா?

14 மே, இரவு

கொடுக்காதீர்கள். ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம். பிராஸ்டேட் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேலையை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

2023 மே மாதம் என் அப்பாவும் அம்மாவும் பாபநாசத்திலிருந்து வந்தார்கள். அப்பாவுக்கு அப்போது 71. இதே பிரச்சினைதான். ஊருக்கும் இங்கேக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், பகலில் சோபாவில் சாய்வார், ராத்திரி கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். நான்காம் நாள் மருந்துக் கடையில் ஒரு தூக்க மாத்திரை டப்பா வாங்கி வந்தேன். ஒரு மாத்திரை 25 மி.கி. ராத்திரி ஒன்பதரைக்கு என் கையால் ஒன்று கொடுத்தேன்.

இரண்டரை மணிக்கு அம்மா வந்து கதவைத் தட்டினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து போர்வையிலிருந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார். போர்வையில் நூல் ஏதும் பிரியவில்லை. காற்றில் எதையோ பிடிக்கிறார், விரலில் சுற்றுகிறார், கீழே வைக்கிறார். 1998ல் போய்ச் சேர்ந்த பெரியப்பாவிடம் வயலுக்குத் தண்ணி திறந்தாச்சா என்று கேட்கிறார். முகம் ரத்தமாய்ச் சிவந்திருக்கிறது, தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுடுகிறது, வியர்வை ஒரு பொட்டு இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வார்த்தை குழறுகிறது. பத்து தடவை பாத்ரூம் போய்விட்டாராம், ஒரு சொட்டு வரவில்லை.

அவசர உதவிக்கு 911 கூப்பிட்டேன். ஈஆரில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், முதலில் ஸ்ட்ரோக்கோ என்று சந்தேகப்பட்டுத் தலைக்கு சி.டி. எடுத்தார்கள். ஸ்ட்ரோக் இல்லை. வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் மூத்திரப் பையில் 900 மி.லி. தேங்கி நிற்கிறது. டியூப் போட்டு வடித்தார்கள். நாடி 128. ஒன்றரை நாள் கழித்துத்தான் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

15 மே

“எங்க அப்பா வருஷக்கணக்கா சாப்பிடறார், ஒண்ணும் ஆகல” என்று எழுதியவருக்கு: நல்லது. உங்கள் அப்பாவை வைத்து இவருடைய மாமனாருக்கு மருந்து சொல்லாதீர்கள்.

மற்றவர்களுக்கு, இது என்ன மருந்து என்று சொல்கிறேன். அமெரிக்காவில் சீட்டு இல்லாமல் விற்கும் தூக்க மாத்திரைகளில் பெரும்பாலும் இரண்டே மருந்துகள்தான்: டைபென்ஹைட்ரமின் அல்லது டாக்சிலமின். இரண்டுமே பழைய அலர்ஜி மருந்துகள். தும்மலை நிறுத்த வந்த மருந்து தூக்கத்தையும் கொடுத்தது, அந்தப் பக்க விளைவையே சரக்காக்கி விற்கிறார்கள். டைபென்ஹைட்ரமினைக் கண்டுபிடித்தவர் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரீவ்ஷல். 1946ல் சீட்டு மருந்தாக வந்தது. தூக்கத்துக்காகச் சீட்டில்லாமல் விற்க 1982ல் அனுமதி கிடைத்தது.

இந்த மருந்து அலர்ஜியோடு நிற்பதில்லை. அசிட்டைல்கோலின் என்று நம் உடம்பில் ஒரு தூதுப் பொருள் இருக்கிறது. எச்சில் ஊறுவது, வியர்ப்பது, குடல் அசைவது, மூத்திரப் பை சுருங்குவது, நினைவு தெளிவாக நிற்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அதன் வழியை இந்த மருந்து அடைக்கிறது. வாய் காய்வதும் சூடு ஏறுவதும் மூத்திரம் நிற்பதும் புத்தி பிறழ்வதும் தனித்தனி நோய்கள் இல்லை, எல்லாம் அந்த ஒரே அடைப்பின் வேலை. பிராஸ்டேட் சுரப்பி வீங்கியவருக்கு மூத்திரம் போகும் வாசல் ஏற்கெனவே குறுகல், இப்போது பை சுருங்கவும் மறுத்துவிடுகிறது. டப்பாவின் பின்பக்கத்திலேயே பிராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், மூச்சுக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. எள்ளு மாதிரி எழுத்து. நான் படிக்கவில்லை. எம்.எஸ்சி. படித்தவள், கடையிலேயே நின்று ஒரு நிமிடம் படித்திருக்கலாம்.

15 மே, மாலை

திருத்தம். ‘யூனிசம்’ என்று இங்கே விற்கும் தூக்க மாத்திரை என்றால் டாக்சிலமின் என்று கீழே ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். பாதிதான் சரி. அந்தப் பெயரில் வரும் வில்லை டாக்சிலமின் 25 மி.கி., அதே பெயரில் வரும் ஜெல் மாத்திரை டைபென்ஹைட்ரமின் 50 மி.கி. பெயர் ஒன்று, மருந்து வேறு. சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

இதே வகையில் நம்மவர்களைக் குழப்பும் இன்னொரு பெயர் ‘பெனட்ரில்’. நமக்கு அது சிவப்பு இருமல் சிரப். இங்கே அது அலர்ஜி மாத்திரை. இரண்டிலும் டைபென்ஹைட்ரமின் உண்டு, ஆனால் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு அதைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்து பழகிய இருமல் மருந்து என்றுதான் தோன்றும். பயமே இருக்காது.

16 மே

கேள்வி கேட்டவரே, டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றும் செய்யுங்கள். அவருடைய பெட்டியில் ஊரிலிருந்து என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று பாருங்கள். அவரிடம் கேட்க வேண்டாம். மாமியாரிடம் கேளுங்கள்.

19 மே

இதைத்தான் மூன்று நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

முதல் பதிவில் ஒரு மாத்திரை கொடுத்தேன் என்று எழுதினேன். நான் கொடுத்தது ஒன்றுதான், ஆனால் அப்பா போட்டது ஒன்றில்லை. மேலே எழுதியதைப் படித்தால் 25 மி.கி.யே ஒருவரை இப்படிப் புரட்டிப் போடும் என்று ஆகிறது. அது சரியில்லை, அதனால் முழுக் கணக்கையும் வைக்கிறேன்.

இந்த இழையை அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். படித்துவிட்டு போன் செய்தாள். “நீ ஒண்ணுன்னு எழுதியிருக்கியே, அது தப்புடி” என்றாள். இரண்டு வருஷமாக இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். ஈஆரில் டாக்டர் கேட்டபோது அம்மா பாதி சொன்னாள், நான் அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன், டப்பாவை எண்ணிப் பார்த்ததில் மீதியில் கொஞ்சம் தெரிந்தது. முழுசாக இப்போதுதான் தெரிகிறது.

மே மாதம் இங்கே ஓக் மரத்து மகரந்தம் கார் மேலெல்லாம் மஞ்சளாகப் படியும். அப்பாவுக்கு வந்த இரண்டாம் நாளே தும்மலும் கண் அரிப்பும். என் கணவர் வைத்திருந்த அலர்ஜி மாத்திரையைப் போட ஆரம்பித்தார். அந்த நான்காம் நாள் மாலை நாலு மணிக்கு ஒன்று, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்று. இரண்டும் டைபென்ஹைட்ரமின், 25 வீதம் 50. ஒன்பதரைக்கு நான் கொடுத்த தூக்க மாத்திரை 25. பத்து மணிக்கு முழங்கால் வலி என்று குளியலறை அலமாரியில் இருந்த வலி மாத்திரை இரண்டு. அது ராத்திரிக்கென்றே வரும் வலி மாத்திரை, வலி மருந்தோடு ஒவ்வொன்றிலும் டைபென்ஹைட்ரமின் 25, ஆக 50. பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று என் டப்பாவிலிருந்து இன்னொன்று. ஒரு மணிக்கு இன்னும் இரண்டு.

கூட்டிப் பாருங்கள். ஒன்பது மணி நேரத்தில் 200 மி.கி. தூக்கத்துக்கென்று டப்பாவில் போட்டிருக்கும் அளவு ஒரு ராத்திரிக்கு 50.

இதற்கு மேல், ஊரிலிருந்து கொண்டு வந்த அரிப்பு மாத்திரை இரண்டு. பெனிரமின். நம் ஊர் மருந்துக் கடைகளில் அவில் என்று கேட்டு வாங்குவோமே, அதிலிருப்பதும் இதே மருந்துதான். பழைய அலர்ஜி மருந்துக் குடும்பம், அதே அடைப்பு வேலை. “அது போட்டா ஊர்ல நல்லா தூக்கம் வரும்ல” என்று அப்பா சொன்னாராம்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்கு: தும்மலுக்கு, வலிக்கு, தூக்கத்துக்கு, அரிப்புக்கு. அவர் கணக்கில் நாலு வகை மருந்து, உடம்பின் கணக்கில் ஒரே மருந்து. தற்கொலை என்றால்தான் அளவுக்கு மீறிய மாத்திரை என்று நாம் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் நடந்ததில் யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

19 மே, பின்னிரவு

ஏன் என்னை எழுப்பவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். “உனக்குக் காலைல ஏழு மணிக்கு மீட்டிங்னு சொன்னியே. எழுப்பாதேன்னு அவர்தான் சொன்னார்.”

21 மே

கணக்கை எதிர்த்து வந்த கேள்வி நியாயமானது. அலர்ஜிக்கு என்றால் லேபிளின்படி பெரியவர்கள் ஒரு நாளில் 300 மி.கி. வரை போடலாமே, 200 எப்படி ஓவர்டோஸ் ஆகும்?

அந்த 300 நாள் முழுக்கப் பரப்பிப் போடுவது, வேளைக்கு 25 அல்லது 50, இடையில் நாலிலிருந்து ஆறு மணி நேரம். அப்பா போட்டதில் 150 மி.கி. ஒன்பதரைக்கும் ஒரு மணிக்கும் நடுவில் மூன்றரை மணி நேரத்தில். இன்னொன்று வயது. மருந்து எட்டு மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும் என்று கீழே ஒருவருக்குப் பதிலில் எழுதியிருந்தேன், அதையும் திருத்துகிறேன். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைவதற்கே இளவயதினருக்குச் சுமார் 9 மணி நேரம், வயதானவர்களுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கும் மேல். ஆகவே முந்தின நாள் போட்ட அலர்ஜி மாத்திரையின் மிச்சமும் அன்றைக்கு உள்ளே இருந்திருக்கும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் ‘பியர்ஸ்’ பட்டியல் என்று ஒன்று வெளியிடுகிறது, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள். 2023ல் புதுப்பித்த பட்டியலிலும் டைபென்ஹைட்ரமினும் டாக்சிலமினும் இருக்கின்றன. அளவோடு போட்டாலும் தவிர்க்கச் சொல்லும் பட்டியல் அது.

லேபிளில் இன்னொரு வரி உண்டு: டைபென்ஹைட்ரமின் உள்ள வேறு எதனோடும் சேர்க்காதே, தோலில் தடவும் களிம்பாக இருந்தாலும் சேர்க்காதே. கொசுக்கடிக்குத் தடவும் களிம்புகூடக் கணக்கில் வரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

24 மே

ஊமத்தங்காய் பற்றி எழுத மறந்தேன், அம்மா ஞாபகப்படுத்தினாள்.

ஈஆரில் சி.டி. எடுத்துவிட்டு வந்து எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா என் முந்தானையை இழுத்து, “ஊமத்தங்காயத் தின்னுட்ட மாதிரி இருக்காருடி” என்றாள். சின்ன வயதில் அவள் தெருவில் ஒரு பையன் ஊமத்தங்காயைத் தின்றுவிட்டானாம். இதே சிவந்த முகம், இதே சூடு, கண்பாவை அகலமாய் விரிந்து, காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தானாம். எனக்கு அந்த நேரத்தில் எரிச்சல்தான் வந்தது. சும்மா இரும்மா என்றேன்.

பணியில் இருந்த பெண் டாக்டர் அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஊமத்தைக்கு இங்கே ஜிம்சன் வீட் என்று பெயர், போனில் படம் தேடிக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நேராக வந்து கையுறையோடு அப்பாவின் அக்குளில் கை வைத்தார். காய்ந்து கிடந்தது. வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், குடல் சத்தமே இல்லை. அப்புறம்தான் “வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்” என்றார். என் கணவர் ஓடிப் போய்க் குளியலறை அலமாரியையே ஒரு பையில் கொட்டிக்கொண்டு வந்தார்.

ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபோலமினும். அடைக்கும் வழி இதே வழிதான். அம்மா பார்த்ததும் டாக்டர் பாடத்தில் படித்ததும் ஒரே விஷக்குறி. அந்தச் செடிக்கு ஜிம்சன் என்று பெயர் வந்ததும் இப்படி ஒரு சம்பவத்தால்தான் என்று பிறகு படித்தேன்: 1676ல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் படைவீரர்கள் அதன் இலையைக் கீரையாக வேகவைத்துத் தின்றுவிட்டுப் பதினொரு நாள் புத்தி பேதலித்துக் கிடந்தார்களாம்.

அந்த டாக்டர் அடுத்த நாள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அதை மட்டும் நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

27 மே

நர்ஸாக இருக்கும் சகோதரி, இன்னும் அதிகமாகப் போனால் என்ன ஆகும் என்பதையும் எழுதச் சொல்கிறார். அப்பாவுக்கு நடக்காதவையும் இதில் உண்டு.

முதலில் இதயம். அளவு கூடும்போது இந்த மருந்து இதயத்தில் மின்சாரம் ஓடும் சோடிய வாசல்களையும் அடைக்கிறது. ஈசிஜியில் அலை அகலமாகிறது, துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். அதற்கு ஈஆரில் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். அப்பாவின் ஈசிஜி எல்லைக் கோட்டில் இருந்ததால் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மானிட்டரில் வைத்திருந்தார்கள், ஏற்ற வேண்டி வரவில்லை. அடுத்தது வலிப்பு. பிறகு ஆழ்ந்த மயக்கம். 2020ல் சமூக ஊடகத்தில் ‘சவால்’ என்று சொல்லிப் பிள்ளைகள் இந்த அலர்ஜி மாத்திரையை அள்ளிப் போட்டு ஈஆருக்குப் போனதும் உயிர்ச்சேதம் ஆனதும் செய்திகளில் வந்தன. அந்த செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது, அதில் இருந்ததும் இவைதான்: இதயக் கோளாறு, வலிப்பு, கோமா, மரணம்.

டாக்சிலமினுக்கு இன்னொரு குணம். அளவு மிஞ்சினால் தசை நார்கள் சிதையும். சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். ஆள் எழுந்து நன்றாகப் பேசுகிறாரே என்று வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு இது தெரியலாம். அதனால்தான் ரத்தத்தில் சி.கே. என்ற அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

கடைசியில், எனக்கு மிகவும் பயம் தந்தது. ராத்திரி வலி மாத்திரைகள் பலவற்றில் தூக்க மருந்தோடு சேர்ந்திருப்பது அசிட்டமினோஃபென். பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், நம் பாராசிட்டமால்தான் அது, அமெரிக்காவில் வேறு பெயர். அப்பா அன்று பகலில் ஊர் பாராசிட்டமால் 650 இரண்டு போட்டிருந்தார், ராத்திரி வலி மாத்திரையில் 500 வீதம் இரண்டு, ஆக 2300 மி.கி. நாளைக்கு 4000க்கு மேல் போகக் கூடாது என்பது பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. தப்பித்தார். ஆனால் இந்த மருந்து கல்லீரலை அழிக்கும்போது முதல் நாள் ஒன்றுமே தெரியாது, குமட்டல் இருந்தால் உண்டு. மஞ்சள் காமாலை தெரியும்போது நேரம் கடந்திருக்கும். மாற்று மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர், எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக நன்றாக வேலை செய்யும். தூக்க மாத்திரைதானே போட்டார், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடும் வீட்டில் அந்த எட்டு மணி நேரம் தூக்கத்திலேயே போய்விடும்.

27 மே, சற்று நேரம் கழித்து

புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். எல்லா டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள்.

அமெரிக்காவில் விஷ உதவி எண் 1-800-222-1222. காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருப்பார், மொழிபெயர்ப்பாளரும் உண்டு. நியூ ஜெர்சிக்கான மையம் நியூவார்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஈஆர் டாக்டரே அன்றைக்கு அங்கேதான் போன் போட்டு ஆலோசனை கேட்டார். ஆம்புலன்ஸ் பில் வருமே, வந்தவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ்தானே என்று நம்மில் எல்லாருக்கும் ஒரு தயக்கம். எனக்கும் இருந்தது, 911 அழுத்தும் முன் நாலைந்து நிமிடம் யோசித்தேன், அது இன்றும் உறுத்துகிறது. தெளிவாகப் பேசிக்கொண்டு இருப்பவர் என்றால் முதலில் இந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம். எழுப்பினால் எழாதவர், வலிப்பு வந்தவர், மூச்சு திணறுபவர் என்றால் யோசிக்காமல் 911. தமிழ்நாட்டில் 108.

30 மே

தனிச் செய்தியில் எழுதிய தங்கைக்கு. பெயர் சொல்லாமல் இங்கே பதில் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

நீ அக்காவின் அறையிலிருந்து டப்பாக்களை எடுத்து வைத்தது சரிதான். அவளை வேவு பார்த்ததாக நினைக்காதே. அவளிடம் நேராகவே கேள், சாகணும்னு தோணுதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதே. அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988, எந்நேரமும் பேசலாம். இந்தியாவில் மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டிருக்கிறாள் என்று சந்தேகம் வந்தால், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஈஆருக்குக் கூட்டிப் போ. அங்கே திட்ட மாட்டார்கள். நாளைக்கு எனக்கு எழுது.

2 ஜூன்

எழுதியிருக்கிறாள். இரண்டு பேரும் டாக்டரிடம் போய் வந்தார்களாம்.

6 ஜூன்

“இந்த இங்கிலீஷ் மருந்தெல்லாம் எதுக்கு, ஜாதிக்காய்ப் பொடியைப் பாலில் போட்டுக் கொடுங்கள்” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கொடுப்பார்கள். பாட்டி ஜாதிக்காயைக் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்துக் குழந்தைக்கு நாக்கில் தடவுவாள், அவ்வளவுதான் அளவு. ஒரு சிட்டிகையோடு நிற்பவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஸ்பூன் கணக்கில் போட்டால் ஜாதிக்காயும் விஷம். படபடப்பு, வாய் காய்வது, தலைசுற்றல், குழப்பம், இல்லாதது தெரிவது எல்லாம் வரும், அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ‘கேட்கலையே’ என்று இன்னொரு ஸ்பூன் போடுபவர் அங்கேயும் மாட்டிக்கொள்வார்.

பழசு என்பதாலோ கடையில் கிடைப்பது என்பதாலோ எதுவும் நல்லதாகிவிடாது. இதே அமெரிக்காவில் தூக்கத்துக்கும் நரம்புக்கும் என்று புரோமைடு உப்பைச் சீட்டில்லாமல் விற்றிருக்கிறார்கள். அது உடம்பில் சேர்ந்து சேர்ந்து மனப் பேதலிப்பைக் கொண்டுவரும். 1975ல்தான் நிறுத்தினார்கள். மெத்தபைரிலின் என்று இன்னொரு தூக்க மருந்து, எலிகளுக்குக் கல்லீரல் புற்று வருகிறது என்று தெரிந்து 1979ல் திரும்பப் பெற்றார்கள். அந்தந்தக் காலத்தில் அவையும் டப்பாவில் அழகாகத்தான் வந்திருக்கும்.

11 ஜூன்

தூக்கத்துக்கென்று விற்கும் மெலட்டோனின் மிட்டாய் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு: குழந்தை டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அமெரிக்காவில் அது மருந்துக் கணக்கில் வராது, சத்துப் பொருள் கணக்கு. 2023ல் 25 வகை மிட்டாய்களைச் சோதித்ததில் 22ல் லேபிளில் போட்ட அளவு சரியாக இல்லை, ஒன்றில் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. குழந்தைகள் மெலட்டோனினைத் தின்றுவிட்டதாக விஷ மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2012ல் 8,337, 2021ல் 52,563. மிட்டாய் மாதிரி செய்தால் குழந்தை மிட்டாயாகத்தான் தின்னும். மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள்.

20 ஜூன்

தினமும் போட்டால் பழகிவிடுமா என்ற கேள்விக்கு. பழகிவிடும், அதுதான் ஆபத்தே. 2002ல் வந்த ஓர் ஆய்வில் டைபென்ஹைட்ரமின் 50 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை கொடுத்தார்கள். நான்காம் நாள் பார்த்தால் மருந்து போட்டவருக்கும் வெற்று மாத்திரை போட்டவருக்கும் தூக்கக் கலக்கத்தில் வித்தியாசமே இல்லை. தூக்கம் மட்டும் பழகிப்போகிறது, மற்ற கெடுதல்கள் அதே வேகத்தில் பழகுவதில்லை. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2017ல் கொடுத்த வழிகாட்டுதலில், தூக்கமின்மைக்கு டைபென்ஹைட்ரமின் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

மறதி நோய் வருமா என்றும் கேட்கிறீர்கள். இந்த அடைப்பு மருந்துகளை ஆண்டுக்கணக்கில் நிறையச் சாப்பிட்ட முதியவர்களிடம் டிமென்ஷியா அதிகம் காணப்பட்டது என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷெல்லி கிரே குழு 2015ல் எழுதியது. தொடர்பு தெரிந்தது, காரணம் இதுதான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாதம் போட்டவர்கள் இதைப் படித்துப் பயந்து தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

3 ஜூலை

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மாமனார் எட்டாம் நாளிலிருந்து ராத்திரி பத்துக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறாராம். மாமியாரிடம் கேட்டதில் பெட்டியிலிருந்து சிபிஎம் மாத்திரை ஒரு அட்டை வந்ததாம். அதுவும் இதே குடும்பம்தான், குளோர்பெனிரமின்.

எங்கள் வீட்டில் பிறகு வேலை செய்ததும் மருந்தில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பாவைக் காலையில் வெயிலில் ஒரு மணி நேரம் நடக்க வைத்தோம், மூத்திர டியூபோடேதான், பை வேட்டிக்குள்ளே. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காபி இல்லை. மூன்று மணிக்கு சோபாவில் சாய்ந்தால் என் மகள் கேரம் போர்டைக் கொண்டு வந்து முன்னால் வைத்துவிடுவாள். ஐந்தாம் நாள் டியூபை எடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி குறட்டைச் சத்தம் கேட்டு நான் ஹாலில் உட்கார்ந்து அழுதேன்.

17 ஆகஸ்ட்

அப்பாவிடமே கேட்டுவிட்டேன், ஏன் அத்தனையும் போட்டீர்கள் என்று. இரண்டு வருஷமாகக் கேட்கப் பயமாக இருந்தது, குற்றம் சாட்டுவது போல ஆகிவிடுமோ என்று.

“மளிகைச் சாமானோட அடுக்கி வச்சிருந்தாங்களேம்மா. பிஸ்கட் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். அதுல என்ன இருக்கப் போவுதுன்னு நெனச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணன் வந்தது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. தண்ணி திறந்தாச்சுன்னு சொன்னார்” என்றார்.

அப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவர். இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறார். மாத்திரையின் பெயர், அதற்குப் பக்கத்தில் ‘உள்ளே இருப்பது’ என்று ஒரு கட்டம், மி.கி., மணி. களிம்புக்கும் தனி வரி. வரவு மட்டும் எழுதியிருக்கிறீர்களே, செலவு எங்கே என்று கேட்டேன். “இந்த வயசுல செலவு ரொம்ப மெதுவாத்தாம்மா ஆவும், அதான் வரவைக் கொறச்சுக்கிட்டேன்” என்றார்.

9 செப்டம்பர்

அக்டோபர் 11 டிக்கெட் போட்டாயிற்று, இரண்டு பேரும் வருகிறார்கள். குளியலறை அலமாரியைக் காலி செய்து, ராத்திரி வலி மாத்திரையையும் பழைய அலர்ஜி மாத்திரையையும் வேண்டாத மருந்தைப் போடுவதற்கென்று மருந்துக் கடையிலேயே வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தும்மலுக்கு எது கொடுக்கலாம் என்று அப்பாவின் மூத்திரக் கோளாறு டாக்டரிடம் (யூராலஜிஸ்ட்) முன்கூட்டியே எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று வீடியோ காலில் கேட்டேன், அந்த அரிப்பு மாத்திரை பெட்டியில் வருகிறதா என்று. இல்லவே இல்லை என்றார் அப்பா. அம்மா பின்னாலிருந்து, “நான் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.